ரோஜா இலையில் யார் போட்ட வெட்டு?

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி, அனுப்பாமல் விட்ட ஒரு கேள்வி இன்னும் என் செல்போனில் கிடக்கிறது. 'மாடியில் தொட்டியில் வளர்க்கும் ரோஜாவில் இலை ஓரம் வட்ட வட்டமாக வெட்டுப்படுகிறது. இலையைத் திருப்பிப் பார்த்தாலும் புழு இல்லை. என்ன மருந்து அடிக்கலாம்?' இவ்வளவுதான் கேள்வி. பெயர், ஊர் எல்லாம் போட்டாயிற்று. கூடவே ஒரு படமும் வைத்தால் பதில் சரியாக வரும் என்று நினைத்தேன். படம் எடுக்கப் போன இடத்தில்தான் விஷயமே மாறிப்போனது.

எனக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னத் தையல் கடை. மாடியில் குடியிருப்பு. மேலக்கால் ரோட்டில் துவரிமான் பக்கம், கண்மாய்க்குக் கீழே, தம்பியும் நானும் பிரிக்காமல் வைத்திருக்கும் நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்ட். விடிகாலையில் வயல், பத்து மணிக்கு மேல் கடை என்று என் பொழுது ஓடுகிறது. நாற்பது வருடமாகத் துணி வெட்டுகிறவன் என்பதால் ஒன்று சொல்ல முடியும்: அந்த ரோஜா இலையில் இருந்தது கடித்துத் தின்ற தடம் இல்லை. புழு தின்றால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இது அளவெடுத்துக் கத்தரிக்கோல் போட்ட வெட்டு. சில வட்டம், சில நீள்வட்டம். கீழே புழுக்கை ஒன்றுகூட இல்லை.

மாசி மாதம். திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஒரு வாரம் வந்து இருந்தாள். அவள் போனில் மாட்டுகிற குட்டி லென்ஸ் ஒன்று வைத்திருந்தாள். துணி உலர்த்தும் கிளிப் போல இருக்கும், போன் கேமரா மேல் கவ்வவிட்டால் எறும்பு கோழிக்குஞ்சு அளவில் தெரியும். முந்நூறு சொச்சம் ரூபாய்தானாம். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒன்பதரை மணி வெயிலில் தொட்டி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் வந்தது. ஈயைவிடக் கொஞ்சம் தடித்த உடம்பு, பழுப்பு முடி. இலை விளிம்பில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, வாயாலேயே வளைவாக வெட்டிக்கொண்டு போனது. வெட்டி முடிகிற நேரத்தில் இறக்கையை அடிக்க ஆரம்பித்தது. இல்லையென்றால் துண்டோடு சேர்ந்து கீழே விழுந்துவிடும் அல்லவா? துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்தபடி பறந்து, நேராகக் கொடிக்கயிறு கட்டியிருக்கும் இரும்புக் குழாயின் வாய்க்குள் நுழைந்தது. மொத்தம் பத்து பதினைந்து நொடி. படம் 27 எடுத்தேன். 26 படத்தில் வெறும் பச்சைக் கலங்கல். ஒன்றில் மட்டும் பாதி உடம்பு தெரிந்தது. மகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது இலைவெட்டித் தேனீ. அடிவயிறு மஞ்சளா இருக்கு பாருங்க, அது மகரந்தம். இதுக்கா மருந்து கேக்கப் போனீங்க?" என்றாள்.

தேனீ என்றால் எனக்குத் தெரிந்தது நான்கைந்துதான். மலைத்தேனீ, கொம்புத்தேனீ, பொந்துத்தேனீ, கொசுத்தேனீ, பெட்டியில் வளர்க்கும் இத்தாலியத் தேனீ. எல்லாம் கூட்டமாக வாழ்பவை. மகள் சொல்லித்தான் தெரியும், உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் இருக்கின்றன, நம் நாட்டில் மட்டும் 700-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ராணியும் கிடையாது, வேலைக்காரத் தேனீயும் கிடையாது, நமக்கு எடுக்கத் தேனும் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனிக்குடித்தனம். அவளே குழி பார்த்து, அவளே மகரந்தமும் தேனும் பிசைந்து ஒரு உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, அறையை மூடி, அடுத்த அறை கட்டுகிறாள். குழாய்க்குள் நீள்வட்டத் துண்டுகளைச் சுருட்டு போலச் சுற்றி அறையாக்குவதும், வட்டத் துண்டுகளை மூடியாக வைப்பதும் இலைவெட்டியின் முறை. சட்டைக்குக் கை வேறு, காலர் வேறு வெட்டுகிற மாதிரி. உள்ளே ஆழத்தில் பெண்ணாகப் பிறக்கும் முட்டை, வாசல் பக்கம் ஆண் முட்டை. ஆண்கள் முதலில் வெளியே வந்துவிடும். பிள்ளைகள் முகத்தைப் பெரும்பாலும் தாய் பார்ப்பதில்லை.

ரோஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இலை ஓரம் போனால் செடி போகாது. வீட்டுக்காரிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அந்த லென்ஸை மகளிடம் திருப்பித் தரவில்லை. வயலுக்குக் கொண்டுபோனேன். தை மாதம் முப்பது சென்டில் கத்திரி நட்டிருந்தோம், பங்குனி பிறக்கும்போது நல்ல பூ. பூவில் என்ன உட்காருகிறது என்று முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். ஐம்பது வருடம் கத்திரி பார்த்தவன், பூவைக் குனிந்து பார்த்ததில்லை.

கத்திரிப் பூவில் தேன் கிடையாது. மஞ்சளாக நடுவில் கூம்பு போல நிற்கிறதே, அதுதான் தாதுப்பை. மற்றப் பூக்களில் தாதுப்பை வெடித்துத் திறந்து கொள்ளும். கத்திரியில் அப்படித் திறக்காது. கத்திரியில் தாதுப்பை நுனியில் ஊசிமுனை அளவுக்குத் துளை இருக்கும், உப்பு டப்பா மூடி மாதிரி. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால்தான் கொட்டும். காற்று ஆட்டினால் கொஞ்சம் கொட்டும், பூ தானாகவும் காய்க்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் முறையாகக் குலுக்கத் தெரிந்த ஆள் இருக்கிறது. பூவைக் காலால் கவ்விப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம், சும்மா பறக்கும் சத்தத்தைவிடக் கீச்சென்று மேலே ஏறும். என் தையல் மெஷின் மோட்டார் திடீரென வேகம் பிடிப்பது போல. மகரந்தம் பொடியாக வயிற்றில் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும். நாம் கருவண்டு என்று விரட்டுகிற தச்சுத் தேனீக்கும் தெரியும். வரப்பில் நிற்கும் ஆவாரம்பூவிலும் இதே குலுக்கல் வேலைதான் நடக்கிறது. களை என்று வருடா வருடம் அந்த ஆவாரையை அரிவாளால் சீவிக்கொண்டிருந்தவன் நான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கத்திரியில் பூ உதிர்ந்தால் எல்லாம் தேனீ இல்லாத குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சூல்தண்டு குட்டையாக, தாதுப்பைக்குள்ளேயே அமுங்கியிருக்கும் பூக்கள் காய்க்காமல் உதிர்வது கத்திரியின் இயல்பு. தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூதான் காய்க்கும் பூ. லென்ஸில் பார்த்தால் இது ஒரு நிமிட வேலை.

படம் எடுக்கிற வித்தையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பகலில் இவற்றைத் துரத்தினால் ஒன்றும் கிடைக்காது. நான் ஒரு மாதம் துரத்திப் பார்த்துவிட்டேன். பக்கத்து வயல் மாமா வரப்பில் நின்று, "என்ன மாப்ள, வண்டுக்கு ஆதார் கார்டு எடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். விடிவதற்கு முன்னால் போக வேண்டும். நீலப்பட்டையின் ஆண்களுக்கு வீடு கிடையாது. சாயங்காலம் ஏதாவது காய்ந்த குச்சியை வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு தொங்கியபடியே தூங்கும். ஒரே குச்சியில் வரிசையாக ஏழெட்டுகூட இருக்கும், கொடியில் துணி காயப்போட்ட மாதிரி. ஒரே குச்சிக்கு மறுநாளும் வரும். எங்கள் வயலில் கிணற்று மேட்டில் காய்ந்த துளசித் தண்டு ஒன்று அவற்றின் சத்திரம். குளிரில் உடம்பு விறைத்திருக்கும், வெயில் ஏறும்வரை அசையாது. லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையே இரண்டு விரல்கடைதான் இடைவெளி இருக்க வேண்டும். கூர்மை ஒரு நூல் அளவுக்குத்தான் கிடைக்கும், கண் தெளிந்தால் கால் தெளியாது. முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, போனை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே பத்து இருபது படம் எடுத்தால் ஒன்று தேறும். வெயில் நேராக அடித்தால் ஒரு வெள்ளை வேட்டித் துண்டைக் குடை போலப் பிடிக்கலாம். செடியை ஒடித்துக்கொண்டு வந்து எடுப்பது, பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பது எல்லாம் எனக்கு ஒப்பவில்லை.

பயப்பட ஒன்றும் இல்லை. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் காக்க ஒரு கூட்டமும் தேனும் இல்லாததால் பாய்ந்து வந்து கொட்டாது. கையில் வைத்து நசுக்கினால்தான் உண்டு.

அமெரிக்காவில் சாம் ட்ரோகி என்று ஒருவர், அரசு ஆய்வகம் ஒன்றில் இருந்துகொண்டு தேனீக்களை மயிர் எண்ணுகிற அளவுக்குப் படம் எடுத்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொதுவில் போட்டிருக்கிறார். மகள் காட்டினாள். ஒரே பூச்சியைப் பல படங்களாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் செய்வதாம். என் படங்கள் அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனாலும் ஒரு பங்குனி, சித்திரைக்குள் எங்கள் ஒரு ஏக்கரில், பார்த்தால் வேறு வேறு என்று தெரிகிற 14 வகை என் போனில் சேர்ந்துவிட்டது. எள்ளு விதை பெரிதான மாதிரி மினுமினுக்கும் கறுப்புச் சிறு தேனீ, காய்ந்த குச்சியைக் குடைந்து குடியிருப்பது. மண்ணில் துளை போட்டு வாயில் பொடிமண் குவித்து வைப்பது. கதவுச் சாவித் துவாரத்தை மண் வைத்து அடைப்பது. கறுப்பு உடம்பில் நீலப் பொட்டு வைத்தது, பார்க்க இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று நினைத்தால் அது குயில் ஜாதி. நீலப்பட்டையின் கூட்டுக்குள் புகுந்து தன் முட்டையை வைத்துவிட்டு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் படத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிட முடியாது. சிறு வகைகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள்.

இனி, நான் செய்த தவறு.

சித்திரை முதல் வாரம் கத்திரியில் குருத்து வாடிச் சாய ஆரம்பித்தது. தண்டு, காய்த்துளைப்பான். வழக்கம்போல டேங்கைத் தோளில் மாட்டிக் காலை எட்டு மணிக்கு மருந்தடித்தேன். வெயிலுக்கு முன்னால் முடித்துவிட்டுக் கடை திறக்க வேண்டுமே. எட்டு மணி என்பது பூ விரிந்து, இவை எல்லாம் வேலைக்கு வருகிற நேரம் என்பது அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். படமே எடுத்து வைத்திருக்கிறேன். தெரிந்தும் கை பழக்கத்தில் போனது. மறுநாள் விடியலில் துளசித் தண்டுக்குப் போனேன். முதல்நாள் ஆறு தொங்கிய இடத்தில் ஒன்று இருந்தது. அடுத்த நாள் அதுவும் இல்லை. மருந்தால்தான் போனதா, வேறு குச்சிக்கு மாறிவிட்டதா என்று கேட்டால் என்னிடம் சாட்சி கிடையாது. கத்திரிப் பாத்தியில் கிடந்த இரண்டைப் படம் எடுத்தேன். அசையாததால் படம் நன்றாக விழுந்தது.

அதற்குப் பிறகு அடிக்க வேண்டி வந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான். வாடின குருத்தை வாரம் இருமுறை கிள்ளிக் குழியில் போட்டு மூடுகிறோம். ஏக்கருக்கு 5 என்ற கணக்கில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தோம். ஆண் அந்துப்பூச்சி அதில் விழுகிறது. மருந்து குறைந்தது, நின்றுவிடவில்லை. காய் எத்தனை கிலோ கூடியது என்று கேட்காதீர்கள். எடைபோட்டு ஒப்பிடவில்லை. பரவை மார்க்கெட்டில் அந்த மாதம் விலையும் இல்லை.

சுவர் விஷயம்தான் பெரிது. கிணற்றடியில் எங்கள் அப்பா காலத்து மண் சுவர் மோட்டார் ரூம். தெற்குப் பார்த்த சுவர் முழுக்கத் துளை. கறையானோ குளவியோ என்று நினைத்திருந்தோம். நீலப்பட்டைப் பெண்கள் ஒவ்வொன்றாக அதற்குள் போய் வருவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, கத்திரியில் குலுக்கல் வேலை பார்த்தவை எல்லாம் இந்தச் சுவரில் குடியிருந்தவை. நடந்தால் நாற்பது தப்படி. இந்த மாதிரிச் சிறு தேனீக்கள் பெரும்பாலும் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே மேய்பவை. சுவர் போனால் தூரத்திலிருந்து ஆள் வராது.

தம்பிக்கு அந்தச் சுவர் மேல் வேறு கணக்கு. சுவர் சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஸ்டார்ட்டர், மெயின் எல்லாம். "அண்ணே, மழையில விழுந்து கரண்டு இறங்குச்சுன்னா யார் பொறுப்பு? உங்க வண்டா?" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவன் பிள்ளைகள்தான் அங்கே விளையாடுகின்றன. ஒரு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் தம்பி மனைவிதான், "பழசை ஒட்டி எதுக்குக் கட்டணும், நாலடி தள்ளிக் கட்டுங்க. அவர் பங்குக்கு அந்தத் தெக்குச் சொவரைக் கொஞ்சம் விட்டுக் கொடுங்க" என்று முடித்து வைத்தார். ஆனியில் சிமெண்ட் ரூம் எழும்பியது. பழைய சுவரில் தெற்குப் பக்கம் ஆறடி நீளம், இடுப்பளவு உயரம் மட்டும் நிறுத்தி, மேலே தென்னங்கிடுகு போட்டேன்.

மற்றதைக் கடப்பாரையால் தள்ளியபோது ஒரு கட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே சின்னக் குடம் மாதிரி மண் அறை, வழவழவென்று பூசினது. அடியில் மஞ்சள் கூழ். அதன்மேல் வெள்ளையாக ஒரு புழு, சுருண்டு. இடிக்கிற பகுதியிலும் கூடு இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை, துளை தெரிந்த பக்கத்தை மட்டும்தான் எண்ணியிருந்தேன். உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தேன். இதுவரை நான் எடுத்ததில் மிகத் தெளிவான படம் அதுதான். யாருக்கும் அனுப்பியதில்லை. தம்பி அதைப் பார்த்துவிட்டு, மீதிக் கட்டிகளை உடைக்காமல் நிழலில் அடுக்கச் சொன்னான். அடுக்கினோம். சிலவற்றில் துளை விழுந்திருக்கிறது, சிலவற்றில் இல்லை.

ஐப்பசி மழையில் நின்ற சுவரிலும் ஒரு ஓரம் கரைந்து விழுந்தது. கிடுகைச் சரியாகச் சரித்துப் போடவில்லை. இந்தத் தை பிறந்து மறுபடி கத்திரி நட்டிருக்கிறோம், வரப்பில் ஆவாரையைச் சீவவில்லை, இரண்டு சால் துவரையும் போட்டிருக்கிறோம். துவரைக்கு இலைவெட்டி நிறைய வரும். ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய முதல் வீரிய ஒட்டுத் துவரை 1991-ல் வெளியானபோது, ஆண் வரிசையிலிருந்து பெண் வரிசைக்கு மகரந்தம் கொண்டுபோக அவர்கள் நம்பியதே இந்தப் பூச்சிகளைத்தான். போன வாரம் சுவரில் புதிய துளை ஏழு எண்ணினேன். தம்பி எட்டு என்கிறான்.

எழுதும்போது ஒரு சங்கடம். இவற்றுக்கெல்லாம் பெயர் இல்லை. 'இலைவெட்டி', 'நீலப்பட்டை' எல்லாம் புத்தகப் பெயரைத் தமிழாக்கியவை. எங்கள் அப்பா எல்லாவற்றையும் வண்டு என்றார். பாண்டிய ராஜாவின் சந்தேகத்தைத் தீர்க்கத் தருமி கையில் கொடுத்தனுப்பியதாக மதுரையில் சொல்வார்களே, அந்தக் குறுந்தொகைப் பாட்டு தும்பியைக் கூப்பிட்டுத்தான் கேட்கிறது. பூப்பூவாகப் போய்த் தேன் எடுக்கும் அந்தத் தும்பி இன்றைக்கு எங்கள் பக்கம் தட்டாரப்பூச்சிக்குப் பெயராகிவிட்டது. நம்மை விடுங்கள், தரங்கம்பாடியின் பெயரை வைத்து ஒரு தச்சுத் தேனீயே இருக்கிறது. ஐரோப்பியர் வாயில் டிராங்குபார். டென்மார்க்குக்காரர் ஃபேப்ரீசியஸ் 1804-ல் அதைப் புத்தகத்தில் ஏற்றினார். இரவில் மேயும் தேனீ. நிலா இல்லாத இருட்டிலும் பூத் தேடிப் பறக்கிறது என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயரோடு உலகம் முழுக்கத் தெரிந்த பூச்சி. நாம் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டோம்?

அதனால் பழைய கேள்வியை அழித்துவிட்டு, கேள்வி-பதில் பகுதிக்கு வேறொன்று அனுப்புகிறேன். பதில் ஆசிரியர் குழுவிடம் இல்லாமல் வாசகர்களிடமே இருக்கலாம். ரோஜா இலையையும் துவரை இலையையும் வட்டமாக வெட்டுவதற்கு, விட்டத்தைக் குடைகிற பெரிய கருவண்டுக்கு, சாவித் துவாரத்தில் மண் அடைப்பதற்கு உங்கள் ஊரில், உங்கள் அப்பத்தாவோ அம்மாச்சியோ என்ன பெயர் சொன்னார்கள்? எழுதுங்கள். முடிந்தால் ஒரு படமும் சேர்த்து.